எல்லைக்கல்லும் வெந்தய வரியனும்

வண்ணத்துப்பூச்சியைப் பற்றி உருகி உருகி எழுதியவர்களில் ஒருவர்கூட அதைப் படம் எடுக்க முயன்றவராக இருக்க முடியாது. முயன்றிருந்தால் உருகியிருக்க மாட்டார்கள், பல்லைக் கடித்திருப்பார்கள். கொசு பரவாயில்லை, நம்மைத் தேடி வந்து உட்காரும். கரப்பான் பூச்சிகூட விளக்கைப் போட்டதும் ஒரு கணம் திகைத்து நிற்கும். ஆதார் அட்டைக்கே படம் எடுத்துவிடலாம். வண்ணத்துப்பூச்சி மட்டும்தான், நாம் முட்டியை மடக்கி, மூச்சைப் பிடித்து, பொத்தான்மேல் விரலை வைக்கிறவரை பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு, அழுத்துகிற அதே நேரத்தில் எழுந்து போகும். வங்கியில் நம் முறை வரும்போது டீ குடிக்கப் போகிற ஊழியருக்கும் இதற்கும் ஏதோ ரத்த சம்பந்தம் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நான் அபூர்வமான எதற்கும் ஆசைப்பட்டவன் அல்லன். மலையேறி, அட்டை கடித்து, உலகத்திலேயே இங்கே மட்டும்தான் என்கிற ரகத்தையெல்லாம் நான் தேடவில்லை. கொரட்டூரில் எங்கள் அடுக்ககத்துக் குப்பைத்தொட்டிப் பக்கம் பறக்கிற சாதாரணப் பூச்சிகள் போதும். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி, வெந்தய வரியன். (இந்தப் பெயர்களைச் சொல்லும்போதெல்லாம் மளிகைக் கடையில் நிற்பது போல இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள்.) இதில் வெந்தய வரியன் என்பது நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிற ஆசாமிதான். ஆரஞ்சு இறக்கை, கறுப்பு ஓரம், அதில் வெள்ளைப் புள்ளி. எருக்கஞ்செடி இருக்கிற இடத்திலெல்லாம் இருக்கும். அதாவது, சென்னைக்கு மேற்கே எல்லா இடத்திலும் இருக்கும். என் கேமராவுக்குள் மட்டும் இருக்காது.

கேமரா வாங்கியதற்கு டாக்டர் காரணம். தினமும் நடங்கள் என்றார். ஒரு வேலையும் இல்லாமல் தெருவில் நடக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கையில் கேமரா இருந்தால் நடப்பதற்கு ஒரு நியாயம் கிடைக்கும் என்று வாங்கினேன். அந்த வருஷக் கோடை முழுவதும் ஏரிக்கரையிலும் காலி மனைகளிலும் குனிந்து, மண்டியிட்டு, தவழ்ந்து நான் எடுத்ததெல்லாம், பூச்சி சற்று முன்வரை உட்கார்ந்திருந்த இலைகள். என் மனைவி கோமதி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "செடி நல்லா விழுந்திருக்கு" என்பாள். அதில் கிண்டல் இருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு அந்தத் திறமை வரவில்லை.

என் அக்கா மல்லிகாவின் பெண் திவ்யாவைப் பெண் பார்க்க வந்த நாளன்று நான் கொரட்டூர் ஏரிக்கரையில் ஒரு கறிவேப்பிலை அழகியின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். போனையும் எடுக்கவில்லை (மணி அடித்தால் பூச்சி பறந்துவிடும் என்று சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன், சத்தமில்லாமலும் அது பறந்தது). அக்கா அதை மன்னிக்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரமே போன் செய்து, வாக்குமூலம் வாங்குகிற குரலில் பேசினாள்.

"டேய் சேகரு, பொண்ணு பாக்க வந்தப்போதான் பூச்சி பின்னாடி போயிட்ட. நிச்சயத்துக்காவது மனுஷனா வந்து நில்லு. நீ மாலை போட்டாத்தான்டா அவ மணையில உக்காருவா. நீ இல்லைன்னா சபை எழுந்து போயிடும். அப்புறம் நான் உயிரோட இருக்கறதா வேணாமான்னு நீயே சொல்லு."

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் பெண் சபைக்கு வந்ததாக அர்த்தம். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. மாற்று ஆட்டக்காரர் கிடையாது. மாலையும் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். பூந்தமல்லியில் ஒரு பூக்கடையில் சம்பங்கியும் பன்னீர் ரோஜாவும் கலந்து சொல்லி வைத்திருந்தேன். காலையில் போய் வாங்கிக்கொண்டு வேலப்பன்சாவடி மண்டபத்துக்கு வர வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேலை. ஒரு மாலையை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு போவது.

கோமதி கிளம்பும்போது என் தோளைச் சோதித்தாள். கேமரா பை இல்லை. திருப்தியாக மண்டபத்துக்கு ஆட்டோவில் போய்விட்டாள். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

மாலையை வாங்கினேன். ஈரத்துணி சுற்றிப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதுவரை நான் மனுஷனாகத்தான் இருந்தேன். நெடுஞ்சாலையில் நெரிசலாக இருந்ததால் நூம்பல் வழியாகக் குறுக்கே போய்விடலாம் என்று திரும்பினேன். (நெரிசல் இல்லை. நூம்பலில் காலி மனைகள் இருக்கின்றன, மனைகளில் எருக்கு இருக்கிறது.) சித்திரை வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. பூச்சிகள் இறக்கையை விரித்துக் காய்கிற நேரம். பாதை ஓரத்து மனை ஒன்றில், மஞ்சள் பெயிண்ட் அடித்த எல்லைக்கல்லின் தலையில், ஒரு வெந்தய வரியன் இறக்கையை முழுசாக விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பத்திரிகை அட்டைக்குப் போஸ் கொடுப்பது போல.

ரெண்டு நிமிஷம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கேமராவை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். அழுத்தினேன். பறந்தது. ஒரு சுற்றுச் சுற்றி அதே கல்லில் வந்து உட்கார்ந்தது. மறுபக்கம் போய் அழுத்தினேன். பறந்தது. மறுபடி அதே கல். இப்படிக் கல்லைச் சுற்றிப் பிரதட்சிணமே செய்தேன். பட்டு வேட்டியோடு ஜல்லியிலும் செங்கல் தூளிலும் படுத்தேன். கடைசியில் அது கல்லுக்குப் பின்னால் இருந்த எருக்கம்பூவுக்கு மாறியது. அங்கே அசையாமல் உட்கார்ந்தது. ஆனால் இப்போது கல் குறுக்கே மறைத்தது.

மனையை மேடாக்கக் கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். கல்லை இன்னும் ஊன்றவில்லை. அந்த மேட்டின்மேல் சும்மா தூக்கி வைத்திருந்தார்கள். தள்ளிப் பார்த்தேன். உருண்டது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். நன்றாகவே உருண்டது.

இங்கே எங்கள் பகுதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனை வாங்கிப் போட்டவர்கள், கல்யாணமோ கருமாதியோ, அந்தப் பக்கம் எதற்கு வந்தாலும் ஓர் எட்டு தங்கள் மனையைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. நாலு கல், நாலு முள்செடி, யாரோ வீசிய தலையணை. ஆனாலும் கல் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். ராத்திரியில் கல்லுக்குக் கால் முளைக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த உயிரியல். ஆகவே பிறத்தியார் மனையில் நீங்கள் குடிக்கலாம், சீட்டாடலாம், மாடு கட்டலாம். கல்லைத் தொடக் கூடாது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியும். அந்த நிமிஷம் மட்டும் தெரியவில்லை.

"யோவ்! இன்னாய்யா பண்ணிகினு கீற?"

படுத்த வாக்கில் திரும்பாமலே, "ஷ்ஷ்" என்றேன்.

"எம் மனைல பட்த்துகினு எனக்கே ஷ்ஷா?"

வரியன் பறந்தது. நான் எழுந்தேன். எதிரே என் வயதுக்குச் சற்று மூத்தவர் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு நின்றார். அவரும் பட்டு வேட்டிதான் கட்டியிருந்தார். அவருடையது வெள்ளையாக இருந்தது.

"வண்ணத்துப்பூச்சி படம் எடுக்கிறேங்க."

"பூச்சியா? சரி. கல்லு எப்டி இங்க வந்துச்சி? பூச்சி நகத்திச்சா?"

"நான்தான் கொஞ்சம்... மறைச்சுது."

"இதையேதான்யா பக்கத்து மனைக்காரனும் சொல்லிகினு கீறான். மறைக்குதாம். அவன் அனுப்ச்ச சர்வேயர்தானே நீ?"

"ஐயையோ, இல்லைங்க. வேணும்னா படத்தைப் பாருங்க" என்று நிரபராதியின் வேகத்தோடு கேமராவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். நீட்டிய பிறகுதான் என்னுடைய படங்கள் எப்படி இருக்கும் என்பது ஞாபகம் வந்தது.

அவர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். "கல்லு. இது? கல்லு. இது இன்னா? கல்லு, சைடுல. இது கல்லு, பின்னாடிலேர்ந்து. நல்லா சுத்தி சுத்தி எட்த்துகீற. பூச்சி எங்க?"

"பறந்துடுச்சுங்க."

"இதுல?"

"அதுலயும்."

"எல்லாத்துலயுமேவா? அப்டி ஒரு பூச்சி இருந்துச்சின்னு நான் நம்பணும்?"

கேள்வி நியாயமானது. கோமதியும் பலமுறை கேட்டதுதான். எந்தத் திருடனும் தன் கையாலேயே இவ்வளவு தெளிவான சாட்சியத்தைத் தயாரித்திருக்க மாட்டான். அப்போதுதான் ஒரு படத்தில், ஓரமாக, ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல் கண்ணில் பட்டது. பறந்து போகிற இறக்கை! என் புகைப்பட வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பூச்சியின் உடம்பு சட்டத்துக்குள் விழுந்திருக்கிறது.

"இதோ! மூலையில பாருங்க!"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கட்டை விரலால் திரையைத் தேய்த்தார். "அழுக்கு."

"அழுக்கில்லைங்க, இறக்கை."

"அழுக்குய்யா. கண்ணாடிய தொடச்சிட்டு எடுக்கத் தெரியாதா? இதுல நீயெல்லாம் சர்வேக்கு வந்துட்ட."

என் போன் அடித்தது. அக்கா. எடுக்கப் போனேன், முறைத்தார், விட்டுவிட்டேன். உடனே அவர் போன் அடித்தது. "தோ வந்துகினே கீறேன்" என்று சொல்லி வைத்தார்.

"எனக்கு ஒரு நிச்சயதார்த்தம் இருக்குங்க. மாலை வேற வெயில்ல..."

"மாலையா? உனக்கே போடறேன் இரு. நான் மட்டும் சும்மாவா பட்டு கட்டிகினு நிக்கிறேன்? எனக்கும் விசேஷம் கீது, நல்ல நேரம் போயிகினு கீது. உன்னை இங்க வுட்டா எஸ்கேப்பு ஆயிடுவ. ஏறு வண்டில. அங்க எங்க பசங்க கீறாங்க. ஒரு மூலைல குந்து. எல்லாம் முடிஞ்சப்பால உன்னை வெச்சிக்கிறேன்."

ஸ்கூட்டர் சாவியையும் கேமராவையும் வாங்கிக்கொண்டார். மாலைப் பையை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அக்கா உயிரோடு இருப்பதா வேண்டாமா என்ற கேள்விதான். சபை எழுந்து போகிற காட்சி, திவ்யா வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிற காட்சி, கோமதி ஒன்றுமே பேசாமல் இருக்கிற காட்சி (மூன்றில் இதுதான் பயங்கரம்). பைக் வேலப்பன்சாவடிப் பக்கம் திரும்பியது. பரவாயில்லை, கிட்டேதான், குதித்து ஓடிவிடலாம் என்று நினைத்தேன். பைக் நான் ஓட நினைத்த தெருவுக்குள்ளேயே திரும்பியது. வாழைமரம் கட்டிய வாசலில் நின்றது. மேலே ஃபிளெக்ஸ் பேனரில் என் அக்கா பெண் திவ்யா சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் போக வேண்டிய இடத்துக்கே என்னைக் கடத்திக்கொண்டு போனது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

வாசலில் அக்கா. "வாடா மகராசா!" என்று ஆரம்பித்தவள், முன்னால் இருந்தவரைப் பார்த்ததும் குரலை மாற்றினாள். "அடடே, வாங்க வாங்க! சேகரு, இவங்க மாப்பிள்ளைக்குப் பெரியப்பா, ஆவடியிலேர்ந்து வர்றாங்க. உங்களுக்குத்தாங்க எல்லாரும் காத்திருக்காங்க. ரெண்டு பேரும் ஒண்ணாவா வந்தீங்க? முன்னாடியே பழக்கமா?"

பெரியவர் (ஏகாம்பரம் என்று பெயர், ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பெண் பார்க்க அவரும் வரவில்லை) என்னைப் பார்த்தார். என் வேட்டியில் இருந்த செங்கல் தூளைப் பார்த்தார். "இவரு பொண்ணுக்கு இன்னா ஆவணும்?"

"என் தம்பிங்க. தாய்மாமன்."

தாய்மாமனை சபையில் கல் திருடன் என்று சொன்னால் நிச்சயதார்த்தம் அங்கேயே முடிந்தது. சொல்லாமல் விட்டால் கல் போயிற்று. ஒரு மனிதர் முகத்தில் இவ்வளவு வேதனையை நான் பல் டாக்டர் நாற்காலியில்தான் பார்த்திருக்கிறேன்.

"போ, மொதல்ல மாலைய போடு" என்றார் மெதுவாக. "பஞ்சாயத்து பாக்கி கீது."

மாலை போட்டேன். சம்பங்கி ஓரத்தில் லேசாக வாடியிருந்தது. "மாமா, முட்டியில என்ன எருக்கம்பால்?" என்று திவ்யா காதில் கேட்டாள். கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தேன். பத்திரிகை வாசித்தார்கள். தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. எங்கள் பக்கம் அக்கா வீட்டுக்காரரும் நானும் தட்டைப் பிடித்தோம். அந்தப் பக்கம், குடும்பத்தில் மூத்தவர் என்று ஏகாம்பரம். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூ. அவர் வாங்கிக்கொண்டு, தன் தட்டைக் கொடுத்தால் முடிந்தது.

அவர் வாங்கவில்லை. தட்டின் அந்தப் பக்கத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"கல்லு எங்கய்யா இருந்துச்சி?" என்றார், உதட்டை அசைக்காமல். முகத்தில் போட்டோவுக்கான சிரிப்பு.

"அதே இடத்துலேயே வெச்சிடறேங்க" என்றேன் நானும் சிரித்துக்கொண்டே.

"எங்க வெப்ப? ரப்பீஷ் மேல குறி எதுனா கீதா? பக்கத்து மனைக்காரன் அவன் சொல்ற எடத்துலதான் வெக்கணும்பான். சம்பந்தி ஊட்டுக்காரனே மனைய சுருக்கிட்டான்னு ஆவடியே சிரிக்கும். எங்கன்னு தெரியாம எப்டிய்யா நான் தட்ட வாங்கறது?"

"சூப்பர் சார், அப்படியே இருங்க" என்றார் போட்டோகிராஃபர்.

அப்படியேதான் இருந்தோம். அக்கா வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டைச் சற்று அழுத்தித் தள்ளிப் பார்த்தார். தட்டு நகரவில்லை. சபையில் யாரோ இருமினார்கள். திவ்யாவின் சிரிப்பு மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை. கோடை முழுக்கச் சும்மா இருந்த என் மூளை அப்போதுதான் ஒரே ஒரு முறை வேலை செய்தது.

"நகர்த்தறதுக்கு முன்னாடி எடுத்த படமெல்லாம் இருக்குங்களே. சுத்தி சுத்தி. நீங்களே பார்த்தீங்களே."

அவர் சிரிப்பு மாறாமல் யோசித்தார். "எருக்கஞ்செடி வுழுந்துகீதா?"

"விழுந்திருக்கு."

"கரண்டு கம்பம்?"

"இருக்கு."

"பக்கத்து மனைக்காரன் காம்பவுண்டு?"

"எல்லாம் இருக்குங்க. பூச்சி ஒண்ணைத் தவிர எல்லாமே தெளிவா இருக்கு."

அவர் தட்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த அக்கா வீட்டுக்காரர் தட்டோடு சேர்ந்து அவர் நெஞ்சில் போய் விழுந்தார். தேங்காய் மேடையிலிருந்து உருண்டு முதல் வரிசை வரை போனது. சம்பந்திகள் கட்டித் தழுவிக்கொண்டதாக நினைத்து சபை கைதட்டியது.

சாப்பாட்டுக்குப் பிறகு, சம்பந்திக்குப் புது மனையைக் காட்டப் போகிறேன் என்று ஏகாம்பரம் எல்லோரையும் நூம்பலுக்குக் கிளப்பிக்கொண்டு போனார். பட்டுப் புடவைகள், பட்டு வேட்டிகள், உச்சி வெயில். அவர் என் கேமராவைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு படத்தையும் மனையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கட்டளையிட்டார். நான் கல்லைத் தள்ளினேன். "ரைட்டுல வா. ரைட்டுன்னா உன் ரைட்டு இல்ல. இன்னும் ஒரு சாண். கம்பம் பின்னாடி மறையணும். ஆங்! அதான் எடம்!"

எல்லோரும் மூச்சு விட்டார்கள். அந்த அமைதியில் ஒரு வெந்தய வரியன் வந்து கல்லின் தலையில் உட்கார்ந்தது. இறக்கையை முழுசாக விரித்தது. அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அசையவே இல்லை. "ஐ, பூச்சி!" என்றாள் அக்கா. எல்லோரும் போனை எடுத்தார்கள். கிட்டே போய் எடுத்தார்கள், கூட நின்று செல்ஃபி எடுத்தார்கள். பூச்சி திரும்பி இன்னொரு பக்கத்தையும் காட்டியது. என் கேமரா ஏகாம்பரம் கையில் இருந்தது. "கொஞ்சம் குடுங்களேன்" என்றேன். "இரு சம்பந்தி, ஆதாரம் அழிஞ்சிடப் போவுது" என்றார். கோமதி தன் போனில் எடுத்ததை என்னிடம் காட்டினாள். பூச்சியின் மீசைகூடத் தெரிந்தது. "பூச்சி நல்லா விழுந்திருக்கு" என்றாள்.

திவ்யா கல்யாணமாகி இப்போது ஆவடியில் இருக்கிறாள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யார் எந்த விசேஷத்துக்குத் தாமதமாக வந்தாலும், "என்ன, கல்லு நகத்தப் போயிட்டியா?" என்றுதான் கேட்கிறார்கள். ஆவடி வீட்டில் என்னை 'சர்வேயர் மாமா' என்கிறார்கள். மூன்றாம் மனிதர்கள் உண்மையென்று நம்பி எனக்கு வணக்கம் வைக்கிறார்கள்.

முதல் விருந்துக்குப் போனபோது ஏகாம்பரம் என்னைக் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துப் போனார். சாமி படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் நடுவில், பெரிதாகச் சட்டம் போட்டு, என்னுடைய எல்லைக்கல் தொங்கியது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாராம். "எங்க சம்பந்தி எட்த்தது. கல்லு எவ்ளோ கிளியரா கீது பாரு." சுற்றி எடுத்ததில் எது தெளிவோ அதைப் பொறுக்கியிருந்தார்.

கல் நின்ற கோணத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மூலையில் இறக்கை விழுந்த அந்தப் படம்தான். அவசரமாகக் கிட்டே போய் மூலையைப் பார்த்தேன். எருக்கிலை இருந்தது. வானம் இருந்தது. வேறொன்றும் இல்லை. அசல் வேண்டும் என்று கேட்கவும் வழியில்லை. மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரத்தோடு பீரோவில் பூட்டியிருப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"மூலைல ஒரு அழுக்கு இருந்துச்சே, ஞாபகம் கீதா?" என்றார் ஏகாம்பரம், என் தோளில் கை போட்டு. "கடைக்காரன்கிட்ட சொல்லி நீட்டா தொடச்சிட்டேன், சம்பந்தி."